மீசை முளைக்காத இன்ஜினியர்

22 வயதில் முதல் வேலை, மதுரைக்கு வெளியே ஒரு வீட்டுக் கட்டுமானம். கலவையில் மேஸ்திரி ஹோஸ் பைப்பைத் திறந்து தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார். "அண்ணே, தண்ணி கூடினா கான்கிரீட் பலம் போயிடும்" என்றால், "தம்பி, வெயிலா இருக்கு, நிழல்ல உக்காருங்க" என்பார். வீட்டுக்காரரோ, "பெரியவங்க யாரும் வரலையா?" என்று என்னிடமே கேட்டார்! தாடி வளர்த்துப் பார்த்தேன், அதுவும் சரியாக வளரவில்லை.

அப்புறம் வாதாடுவதை விட்டேன். ஒரு பெயிண்ட் டப்பாவில் அளவுக்கோடு போட்டு, 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்று நானே ஊற்றினேன். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைவு. அடுத்து ஸ்லம்ப் கூம்பு, அதாவது கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்கும் அச்சு. 30 செ.மீ. உயரம். முதலில் அவருடைய கலவையை நிரப்பி, கூம்பை மட்டும் மேலே தூக்கினேன். சாம்பார் சாதம் போலத் தரையில் பரவியது. என்னுடையது கொஞ்சம் அமுங்கி நின்றது. மேஸ்திரி குனிந்து இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, ஹோஸை மட்டும் சுருட்டி வைத்தார்.

இன்னும் நான் தம்பிதான். ஆனால் கம்பி கட்டி முடித்ததும், "தம்பி, ஒரு தடவ பார்த்துட்டுப் போங்க, அப்புறம் கான்கிரீட் போடலாம்" என்று போன் வருகிறது.