துணுக்கு சறுக்கும் இடங்கள்: காவிரி டெல்டாவைப் பற்றிச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிக்கூட வினாடி வினா, கோயில் திருவிழா மலர், குடும்ப வாட்ஸ்அப் குழு என்று எங்கே பார்த்தாலும் தஞ்சாவூர்த் துணுக்குகள் நிறைந்திருக்கின்றன. அவற்றில் பாதி, ஒரே மாதிரியான நாலைந்து தவறுகளால் கெட்டுப்போனவை. இந்த மண்ணில் உண்மையிலேயே வியப்பான சங்கதிகள் கொட்டிக் கிடக்கும்போது பொய்யான வியப்பைப் பரப்ப வேண்டிய தேவையே இல்லை. எங்கே சறுக்குகிறது, எப்படிச் சரிபார்ப்பது என்று பார்ப்போம்.

நிழல்: கணக்குப் போடாமல் நம்புவது

“பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது” என்பதுதான் இவற்றில் மூத்தது. முதலில் சொல்லையே திருத்த வேண்டும். கருவறைக்கு மேல் எழுவது விமானம், வாசலுக்கு மேல் எழுவது கோபுரம். பெரிய கோயிலில் கேரளாந்தகன் வாசலிலும் ராஜராஜன் வாசலிலும் இருப்பவைதான் கோபுரங்கள். உயர்ந்து நிற்பது விமானம்.

அடுத்தது நிழல். விமானத்தின் உயரம் 60 மீட்டருக்கு மேல். அடித்தளம் ஒரு பக்கத்துக்குச் சுமார் 30 மீட்டர் கொண்ட சதுரம். ஆகவே உச்சிக்கு நேர்கீழே உள்ள புள்ளியிலிருந்து அடித்தளத்தின் விளிம்பு வரை 15 மீட்டர். உச்சியின் நிழல் இந்த 15 மீட்டரைத் தாண்டினால்தான் தரைக்கு வரும். சூரியன் தலைக்கு நேர்மேலிருந்து 13, 14 பாகைக்கு மேல் சாய்ந்திருந்தால் அது தாண்டிவிடும்.

தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10.8 பாகையில் இருக்கிறது. இதனால் மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை உச்சிவேளையில் சூரியன் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கும். அந்த மாதங்களில் நடுப்பகலில் போய்ப் பார்ப்பவருக்கு உச்சியின் நிழல் விமானத்தின் மேலேயே அடங்கிவிடும், தரையில் தேடினால் கிடைக்காது. கதை இங்கிருந்துதான் பிறந்திருக்க வேண்டும். ஏப்ரல் 18, 19 தேதிகளிலும் ஆகஸ்ட் 24, 25 தேதிகளிலும் உச்சிவேளையில் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல் வருவதால், அன்று நட்டுவைத்த குச்சிக்குக்கூட நிழல் இராது. இது பெரிய கோயிலுக்கு மட்டும் வாய்த்த சிறப்பல்ல. பக்கத்துத் தென்னை மரத்துக்கும் அதே கணக்குத்தான்.

மார்கழி முதல் வாரத்தில் போய்ப் பாருங்கள். டிசம்பர் 21, 22 தேதிகளில் சூரியன் உச்சியில் 34 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். நிழல் வடக்கே சண்டிகேசுவரர் சந்நிதிப் பக்கமாக நீண்டு, அடித்தளத்தைத் தாண்டி 25 மீட்டருக்கு மேல் தரையில் கிடக்கும். கடிகாரத்தில் சரியாக 12 மணிக்குப் பார்ப்பதும் ஒரு தவறுதான். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது, தஞ்சாவூரோ அதற்கு மேற்கே இருக்கிறது. அந்த நாட்களில் இங்கே உச்சிப்பொழுது ஏறக்குறைய 12 மணி 12 நிமிடம். கோயிலுக்குப் போக முடியாதவர்கள் சமதரையில் ஒரு மீட்டர்க் குச்சியைச் செங்குத்தாக நட்டு அளக்கலாம். டிசம்பர் 21-இல் நிழல் வடக்கே 68 செ.மீ. இருக்கும், ஜூன் 21-இல் தெற்கே 22 செ.மீ. இருக்கும். குச்சி சாய்ந்திருந்தால் அளவு கெட்டுவிடும். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நேர்பார்த்துக்கொள்ளுங்கள்.

216 அடி: இன்றைய அளவைப் பழைய கல்லில் ஏற்றுவது

பெரிய கோயிலின் அளவுகளில் தமிழ் எழுத்துகளின் எண்ணிக்கை ஒளிந்திருக்கிறது என்று ஒரு துணுக்கு சுற்றுகிறது: லிங்கம் 12 அடி, அது உயிரெழுத்து. பீடம் 18 அடி, அது மெய்யெழுத்து. விமானம் 216 அடி, அது உயிர்மெய். லிங்கத்துக்கும் நந்திக்கும் இடையே 247 அடி, அது தமிழ் எழுத்து மொத்தம். படித்தவுடன் புல்லரிக்கும், உடனே பத்துப் பேருக்கு அனுப்பத் தோன்றும். ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு.

ஒன்று அளவுகோல். இந்த “அடி” 30.48 செ.மீ. கொண்ட ஆங்கில அடி. பெரிய கோயில் கல்வெட்டுகள் செப்புத் திருமேனிகளை அளப்பது முழம், விரல், தோரை என்ற கணக்கில். சோழர் காலத்தில் காலடியாலும் அளந்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அந்த அடி இங்கிலாந்தின் அடியோடு மில்லிமீட்டர் பிசகாமல் ஒத்திருந்தது என்று காட்டினால்தான் 216 நிற்கும். விமானத்தின் உயரமே நூலுக்கு நூல் சில மீட்டர் வேறுபடுகிறது. அப்படியிருக்க, கடைசி அடி வரை துல்லியமாக ஒரு எண்ணைச் சொல்வதே ஐயத்துக்குரியது.

இரண்டாவது நந்தி. இன்று நாம் கும்பிடும் பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. கோயில் எழுந்தது 1010-ஐ ஒட்டி. பல நூறு ஆண்டுகள் கழித்து வந்த நந்திக்கான தூரத்தை ராஜராஜன் எப்படி எழுத்துக் கணக்கில் வைத்திருக்க முடியும்? பழைய இடங்களைப் பற்றி எதைச் சொல்வதற்கு முன்னும், “இந்தப் பகுதி எந்தக் காலத்தில் கட்டியது?” என்று தனித்தனியாகக் கேட்டாக வேண்டும். ஒரே மதிலுக்குள் சோழர், பாண்டியர், நாயக்கர், மராட்டியர் என எல்லாருடைய கைவேலையும் கலந்திருக்கிறது.

உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் இதே வகை. எண்பட்டை வடிவமான அந்தச் சிகரம் பல கற்களை இணைத்துச் செய்தது. சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் போட்டு அந்தக் கல்லை யானைகள் இழுத்த கதையை ஊர்வழக்கு என்று சொல்லலாம், வரலாறு என்று எழுதக் கூடாது.

வியப்பான எண்தான் வேண்டுமென்றால் கல்வெட்டிலேயே இருக்கிறது. ராஜராஜனின் 25-ஆம் ஆட்சியாண்டு, 275-ஆம் நாள், விமானத்தின் உச்சியில் வைக்கக் கொடுத்த செப்புக் குடம் 3,083 பலம். அதன்மேல் போர்த்திய பொன் 2,926½ கழஞ்சு (பலமும் கழஞ்சும் பழைய எடை அளவுகள்). அரைக் கழஞ்சைக்கூட விடாமல் வெட்டிவைத்திருக்கிறார்கள். பொன்னை நிறுக்க “ஆடவல்லான்” என்று இறைவன் பெயரிலேயே ஒரு எடைக்கல்லும், நகைகளை நிறுக்க “தட்சிணமேரு விடங்கன்” என்று இன்னொரு எடைக்கல்லும் இருந்தன. இந்த எண்களைக் கிராமாக மாற்றி எழுதும்போது “ஏறத்தாழ” என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். கழஞ்சின் எடை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும்.

“உலகிலேயே முதல்” என்ற சொல்

எழுதி முடித்ததும் முதல், ஒரே, மிகப் பழைய, மிகப் பெரிய என்ற சொற்களின் கீழே கோடு போடுங்கள். தவறு பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

கல்லணையை “உலகின் மிகப் பழைய அணை” என்று எழுதுகிறார்கள். இன்றைய ஜோர்டானில் உள்ள ஜாவா அணை சுமார் 5,000 ஆண்டு பழையது. எகிப்தின் சத் எல் கஃபாரா கி.மு. 2600-ஐ ஒட்டியது. எகிப்தின் அணை கட்டி முடியும் முன்பே வெள்ளத்தில் போய்விட்டது. கல்லணையோ இன்றும் தண்ணீரைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. “இன்றும் பயனில் இருக்கும் மிகப் பழைய நீர்ப்பாசன அமைப்புகளில் ஒன்று” என்றால் யாரும் மறுக்க முடியாது, பெருமையும் குறையாது.

இன்னொன்று, இன்று கண்ணில் படும் மதகுகளும் மேலே போகும் பாலமும் கரிகாலன் காலத்தவை அல்ல, பிரிட்டிஷ் காலத்தவை. பழைய அணை என்பது ஆற்று மணலில் பெருங்கற்களைப் போட்டு, அவை புதைந்து அமர, அவற்றின்மேல் மீண்டும் கற்களை அடுக்கி எழுப்பிய உடல். அந்த முறையைப் படித்துத்தான் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். திருவாலங்காட்டுச் செப்பேடு கரிகாலனைப் பற்றிச் சொல்வது அவன் காவிரிக்குக் கரை எழுப்பியதை. கரையும் அணையும் ஒன்றல்ல. சான்று எதைச் சொல்கிறதோ அதை மட்டுமே எழுத வேண்டும்.

தரங்கம்பாடிக்கும் இதே கதிதான். “இந்தியாவின் முதல் அச்சகம்” என்று சொல்லிவிடுகிறார்கள். கோவாவுக்கு அச்சு வந்தது 1556-இல். தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் வெளிவந்தது 1578-இல். தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை எழுந்தது 1620-இல், கிறிஸ்தவப் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கியது 1706-இல், அச்சகம் வந்தது 1712-இல். அங்கே அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் நிறைவுற்றது. பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். கடலோரச் சிற்றூர் ஒன்றில் எழுத்து, அச்சு, காகிதம் மூன்றும் ஒன்றாக நடந்தது என்பதே போதுமான வியப்பு.

பூம்புகாருக்கு “11,000 ஆண்டு” என்ற எண் சுற்றிக்கொண்டிருக்கிறது. கடலுக்குள் சுமார் 23 மீட்டர் ஆழத்தில் தென்பட்ட ஓர் அமைப்பு, கடல்மட்டம் அவ்வளவு தாழ்ந்திருந்த காலத்தில் கட்டியதாகத்தான் இருக்க வேண்டும் என்ற ஊகத்திலிருந்து வந்த எண் அது. அங்கிருந்து எடுத்த பொருளின் வயது அல்ல. கரை அரிப்பு, நிலம் தாழ்வது, அது இயற்கைப் பாறையாகவே இருக்கும் வாய்ப்பு என்று எதையும் அந்த ஊகம் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு சொல்லை விட்டால் கணக்கே பொய்

கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனைச் சொல்லும்போது 1729 வராமல் இராது. “இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண்” என்று எழுதினால் அது தவறு. 91-ஐப் பாருங்கள். 64-உம் 27-உம் கூட்டினால் 91, அதாவது 4-இன் கனமும் 3-இன் கனமும். 216-இல் 125 போனாலும் 91, அதாவது 6-இன் கனமும் மைனஸ் 5-இன் கனமும். “மிகை எண்களின் கனங்கள்” என்ற சொல்லைச் சேர்த்தால்தான் 1729 முதலிடம் பெறும்: 1-உம் 1,728-உம், 729-உம் 1,000-உம். இதை முதலில் கண்டுபிடித்தவர் ராமானுஜன் என்பதும் சரியல்ல. பிரெனிக்கிள் என்ற பிரெஞ்சுக்காரர் 1657-இலேயே வெளியிட்டிருக்கிறார். நோயுற்றிருந்தவரைப் பார்க்க வந்த கணித அறிஞர் ஹார்டி, தான் வந்த டாக்சியின் எண் 1729 என்று சொன்னவுடன் படுக்கையிலிருந்தபடியே அதன் குணத்தைச் சொன்னதுதான் ராமானுஜனின் தனித்தன்மை. அவர் பிறந்த ஊர் ஈரோடு. கணக்கில் தோற்றவர் என்பதும் பொய். மற்றப் பாடங்களில் தேறாததால்தான் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று.

தஞ்சை மராட்டிய மன்னர் ஷாஜியின் அரண்மனைக்கு விருந்தாளியாக வந்த சாம்பாஜியின் பெயரால்தான் சாம்பார் என்ற பெயர் வந்தது என்ற கதையில் இன்னொரு வகைத் தவறு இருக்கிறது. தஞ்சையை ஷாஜி ஆண்டது 1684 முதல் 1712 வரை. சாம்பாஜி இறந்தது 1689-இல். காலம் பொருந்துகிறது, ஆகவே உண்மை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பொருந்துவதால் நடக்க முடியாதது இல்லை என்று மட்டும்தான் தெரியும். நடந்தது என்று சொல்ல அந்தக் காலத்து எழுத்து வேண்டும்.

டிகிரி காபியும் கிட்டத்தட்ட அப்படித்தான். பாலை லாக்டோமீட்டரில் ‘டிகிரி’ பார்த்து வாங்கியதால் வந்த பெயர் என்பார்கள், சிக்கரி மருவியது என்பாரும் உண்டு. இரண்டையும் வழக்காகவே சொல்லுங்கள். ஆனால் லாக்டோமீட்டர் பாலின் தூய்மையைக் காட்டும் என்று மட்டும் எழுதாதீர்கள். அது காட்டுவது அடர்த்தியை. தண்ணீர் கலந்தால் அளவு இறங்கும், ஏடெடுத்தால் ஏறும். ஏடெடுத்துவிட்டுத் தண்ணீரும் ஊற்றினால் நல்ல பால் போலவே காட்டும். கறந்த சூட்டோடு அளந்தால் குறைத்துக் காட்டும்.

பொம்மை ஏன் எழுந்து நிற்கிறது?

முதலில் இரண்டு பொம்மைகளைக் குழப்பாதீர்கள். இடுப்பும் தலையும் தனித்தனியாக அசையும் நாட்டியப் பெண் தலையாட்டி பொம்மை. தள்ளினால் சாய்ந்து எழும் உருண்டை அடிப் பொம்மை வேறு. “அடியில் கனம் இருப்பதால் எழுகிறது” என்று இரண்டாவதற்கு எழுதும் விளக்கம் பாதிதான். தட்டையான அடியுள்ள செங்கல்லை எவ்வளவு கனமாக்கினாலும், ஓரளவுக்கு மேல் சாய்த்தால் விழுந்துவிடும். அடி உருண்டையாக இருக்க வேண்டும், பொம்மையின் மொத்த எடையின் மையம் அந்த உருண்டையின் மையத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் எந்தப் பக்கம் சாய்த்தாலும் எடையின் மையம் மேலே ஏறும், விட்டவுடன் கீழே இறங்கப் பார்க்கும்.

பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு பிளாஸ்டிக் பந்தைப் பாதியாக வெட்டி, உள்ளே களிமண்ணை அடியில் மட்டும், கால் பங்கு உயரத்துக்கு அழுத்துங்கள். மேலே மெல்லிய அட்டையில் கூம்பு செய்து ஒட்டுங்கள். தள்ளினால் எழும். இனி ஒரு சின்னக் களிமண் உருண்டையைக் கூம்பின் நுனியில் வையுங்கள், பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. ஏதோ ஓர் உருண்டையில் பொம்மை சாய்ந்து அப்படியே படுத்துவிடும். அந்த உருண்டை ஏறியதும் எடையின் மையம் பந்தின் மையத்தைத் தாண்டிவிட்டது. அதை எடுத்துவிட்டு நிமிர்த்திவைத்தால் மறுபடி நிற்கும்.