சிரித்தால் துவளும் குழந்தை: நார்கோலெப்சியைக் கண்டறிவதும் மருத்துவம் செய்வதும்

பகல் தூக்கத்தை விட்டுவிட்ட, ஐந்து வயதைக் கடந்த குழந்தை, இரவில் போதிய நேரம் உறங்கியும் மீண்டும் பகலில் தூங்கத் தொடங்கினால், அதைச் சோம்பல் என்றோ வளரும் வயதின் அசதி என்றோ தள்ளிவிடக் கூடாது. அதே குழந்தை வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் மடங்குவதும் தலை தொங்குவதும் தெரிந்தால், பகலில் அடக்க முடியாத தூக்கத்தைத் தரும் நார்கோலெப்சி என்னும் நரம்பு நோயை முதல் வரிசையில் வைத்து ஆராய வேண்டும். உணர்ச்சி மேலிடும்போது நினைவு தப்பாமலே தசைகள் திடீரென வலுவிழக்கும் இந்நிலைக்குக் கேட்டப்ளெக்சி என்று பெயர். நோய் தொடங்குவதற்கும் கண்டறியப்படுவதற்கும் இடையில் பல ஆண்டுகள் கழிந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. அவை குழந்தை பள்ளியில் படிக்கும் ஆண்டுகள் என்பதால், இந்தத் தாமதம் மிகுந்த கேடு செய்கிறது.

மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில் ஹைபோகிரெட்டின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோவதே நோயின் காரணம். ஓரெக்சின் என்றும் அழைக்கப்படும் இப்பொருள் 1998இல் கண்டுபிடிக்கப்பட்டது. நார்கோலெப்சி நோயாளிகளிடம் அது குறைந்திருப்பது 2000இல் உறுதியானது. விழிப்பை நிலைநிறுத்துவதும், கனவு உறக்கம் அதற்குரிய நேரத்தில் மட்டும் வருமாறு காப்பதும் இதன் பணி. கனவு காணும்போது உடல் அசையாதிருக்கத் தசைகள் தளர்வது இயல்பு. அந்தத் தளர்ச்சி விழித்திருக்கும்போதே வந்துவிடுவதுதான் கேட்டப்ளெக்சி. உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே இந்த அணுக்களை அழிப்பதாகக் கருதப்படுகிறது. 2009ஆம் ஆண்டின் எச்1என்1 (பன்றிக்காய்ச்சல்) கொள்ளைநோய்க்குப் பின், பாண்டெம்ரிக்ஸ் என்ற தடுப்பூசி பயன்பட்ட பின்லாந்திலும் சுவீடனிலும் குழந்தைகளிடையே இந்நோய் கூடியது. சீனாவிலோ தடுப்பூசி போடாதவர்களிடமும் நோய் பெருகியது. அந்த ஒரு தடுப்பூசி இன்று புழக்கத்தில் இல்லை. அதைக் காரணம் காட்டிக் குழந்தைக்குரிய மற்றத் தடுப்பூசிகளைத் தவிர்ப்பது பெரும் தவறு.

குழந்தைகளிடம் கேட்டப்ளெக்சி பெரியவர்களிடம் வருவதுபோல் வருவதில்லை. கண்டறிதல் தவறிப்போவது பெரும்பாலும் இங்கேதான். நோய் தொடங்கிய முதல் சில மாதங்களில், சிரிப்போ வேறு தூண்டுதலோ இல்லாமலே குழந்தையின் முகம் தளர்ந்து காணப்படலாம்: இமைகள் பாதி சரிந்திருக்கும், வாய் திறந்தபடி இருக்கும், நாக்கு வெளியே துருத்தும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். சில குழந்தைகளிடம் முகச்சுளிப்பும் கைகால் துடிப்பும் சேர்ந்துவிடுவதால் இது வேறு நரம்பு நோயோ என்ற ஐயம் எழும். மாதங்கள் செல்லச் செல்ல, சிரிக்கும்போதும் கிச்சுகிச்சு மூட்டும்போதும் விளையாட்டில் வென்ற பூரிப்பிலும் மட்டும் வரும் வழக்கமான வடிவத்துக்கு அது மாறுகிறது. ஒவ்வொரு முறையும் சில விநாடிகளில் இருந்து இரண்டு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்.

தூக்கமும் குழந்தைகளிடம் வேறு முகம் காட்டுகிறது. தூக்கத்தோடு போராடும் குழந்தை துறுதுறுவென்று ஓடும், எரிந்து விழும், கவனம் சிதறும். இதனால் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று முத்திரை விழுவதுண்டு. சில மாதங்களுக்குள் உடல் எடை விரைந்து கூடுவதும், வயதுக்கு முந்திப் பருவமடைவதும் முக்கியமான தடயங்கள். உறங்கப்போகும் நேரத்தில் உருவங்கள் தெரிவதாகவும், விழித்த பிறகும் கைகாலை அசைக்க முடியவில்லை என்றும் குழந்தை சொன்னால், அமுக்குவான் பேய் என்று மந்திரிக்க அழைத்துச் செல்லாமல், அதையும் அறிகுறியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் அடிக்கடி விழிப்பதும் இந்நோயின் பகுதியே.

மருத்துவரைப் பார்க்கும் முன் பெற்றோர் செய்ய வேண்டிய மிகப் பயனுள்ள செயல், கைப்பேசியில் காணொளி எடுப்பது. குழந்தைக்குப் பிடித்த நகைச்சுவைக் காட்சியை ஓடவிட்டு, முகமும் கால்களும் தெரியுமாறு பதிவு செய்யுங்கள். கீழே விழுந்தால் அடிபடாத இடமாக அது இருக்கட்டும். அந்தச் சில விநாடிப் பதிவு பல பக்க விவரிப்பைவிட மருத்துவருக்கு அதிகம் சொல்லும். கூடவே, உறங்கிய நேரம், விழித்த நேரம், பகல் தூக்கம் ஆகியவற்றை இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் எழுதி வையுங்கள்.

குழந்தையை முதலில் பார்க்கும் மருத்துவருக்கு ஒரு வேண்டுகோள்: வலிப்பு மருந்தை எழுதும் முன், விழும்போது குழந்தைக்கு நினைவு இருந்ததா என்று குழந்தையையே கேளுங்கள். சுற்றி நடந்த பேச்சை அது திருப்பிச் சொன்னால் வலிப்பின் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. தசைத் தளர்ச்சி நீடிக்கும்போதே முழங்கால் அனிச்சைச் செயலைத் தட்டிப் பார்க்க முடிந்தால், அது மறைந்திருப்பது வலுவான சான்றாகும்.

உறுதிப்படுத்தும் சோதனை, குழந்தைகளைப் பார்க்கும் தூக்க ஆய்வகத்தில் ஓர் இரவும் மறுநாள் பகலும் நடக்கும். இரவில் மூளை அலை, மூச்சு, தசை இயக்கம் ஆகியவை பதிவாகின்றன. உறக்கத்தில் மூச்சடைப்பு உள்ளதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பகலில் இரண்டு மணி நேர இடைவெளியில் ஐந்து முறை உறங்க வாய்ப்புத் தரப்படும். சராசரியாக எட்டு நிமிடங்களுக்குள் தூக்கம் பிடிப்பதும், உறங்கிய பதினைந்து நிமிடங்களுக்குள் கனவு உறக்கம் இரண்டு முறையாவது தோன்றுவதும் நார்கோலெப்சியைக் காட்டுகின்றன. முந்தைய இரவில் அவ்வாறு தோன்றியதையும் ஒன்றாகக் கணக்கில் சேர்க்கலாம். மனச்சோர்வு மருந்துகள் கனவு உறக்கத்தை அடக்குவதால், மருத்துவரின் மேற்பார்வையில் அவற்றைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்; அவற்றுள் ஒன்றான ஃப்ளூவாக்ஸெட்டினுக்கு இன்னும் நீண்ட காலம் தேவை. சிறு குழந்தைகளிடமும் நோயின் தொடக்கத்திலும் சோதனை தெளிவற்று வரக்கூடும் என்பதால், ஒரு முறை இயல்பாக வந்ததைக் கொண்டு நோய் இல்லை என்று முடிவு செய்யலாகாது. ஐயம் நீடித்தால் முதுகுத் தண்டுவட நீரை எடுத்து ஹைபோகிரெட்டினை அளக்கலாம். மில்லிலிட்டருக்கு 110 பிகோகிராம் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் நோய் உறுதி. நோயெதிர்ப்போடு தொடர்புடைய எச்.எல்.ஏ. மரபணுச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். அந்த மரபணு வகை நோயில்லாத பலரிடமும் உண்டு.

கேட்டப்ளெக்சி மிக இளம் வயதில் வந்தாலும், நரம்பியல் பரிசோதனையில் வேறு குறைகள் இருந்தாலும், எம்.ஆர்.ஐ. எடுத்து ஹைபோதலாமஸ் கட்டி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கண்களை மேலும் கீழும் அசைப்பதில் தடை, மண்ணீரல் வீக்கம், படிப்படியாகக் கற்றதை மறத்தல் ஆகியவை நீமன்-பிக் சி என்னும் அரிய மரபுவழி நோயை நினைவூட்ட வேண்டும்.

அழிந்த நரம்பணுக்களை மீட்கும் வழி இன்று இல்லை. ஆயினும் அறிகுறிகளைக் கட்டுப்படுத்திக் குழந்தையை நன்கு படிக்கவும் விளையாடவும் வைக்க முடியும். ஒரே நேரத்தில் உறங்கி எழுவதும், நண்பகலிலும் மாலையிலும் பதினைந்து முதல் இருபது நிமிடக் குட்டித் தூக்கமும் அடிப்படை. மருந்தின் அளவு கூடாமல் இருக்க இந்தக் குட்டித் தூக்கம் உதவுவதால், பள்ளியில் அதற்கென ஓர் அமைதியான இடத்தை எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். தேர்வில் இடைவேளையும் கூடுதல் நேரமும் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

மருந்துகளில் சோடியம் ஆக்ஸிபேட் பகல் தூக்கம், கேட்டப்ளெக்சி இரண்டையும் குறைக்கிறது. அமெரிக்காவில் 2018 முதல் ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இதற்கு ஒப்புதல் உண்டு. அதன் வழக்கமான வடிவம், படுக்கையில் இருந்தபடி இரவில் இரு வேளையாகத் தரப்படுவது. மூச்சை மந்தப்படுத்தக்கூடிய மருந்து இது. மூச்சடைப்பு உள்ள குழந்தைக்கு மிகுந்த எச்சரிக்கை தேவை, மருந்தைப் பூட்டி வைப்பதும் கட்டாயம். பிட்டோலிசான்ட் என்ற மருந்தை ஐரோப்பாவில் 2023 முதல் ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தருகிறார்கள். எல்லா நாடுகளிலும் இவை கிடைப்பதில்லை. கிடைக்காத இடங்களில் பகல் தூக்கத்துக்கு மெத்தில்ஃபெனிடேட் அல்லது மோடாஃபினிலும், கேட்டப்ளெக்சிக்கு வென்லாஃபாக்ஸினும் குழந்தை நரம்பியல் மருத்துவரின் முடிவின்படி பயன்படுகின்றன. மோடாஃபினில் தொடங்கியபின் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வென்லாஃபாக்ஸின் தொடங்கிய முதல் வாரங்களில் குழந்தையின் மனநிலையைக் கவனியுங்கள். தற்கொலை எண்ணம் பற்றிய எச்சரிக்கை இம்மருந்துக்கு உண்டு. இம்மருந்தை ஒருபோதும் திடீரென நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கேட்டப்ளெக்சி அடுத்தடுத்து மணிக்கணக்கில் வந்து குழந்தையைப் படுக்கையில் தள்ளிவிடக்கூடும்.

தாக்கம் வரும்போது தலையைத் தாங்கிப் பிடித்துப் பக்கத்தில் இருந்தால் போதும். முகத்தில் தண்ணீர் தெளிக்கவோ உலுக்கவோ தேவையில்லை. குழந்தைக்கு எல்லாம் கேட்கும் என்பதால், அந்த நேரத்தில் அதைப் பற்றிப் பிறரிடம் பேசாதீர்கள். நீச்சலும் மிதிவண்டியும் முற்றாக விலக்கப்பட வேண்டியவை அல்ல, ஆனால் நோய் கட்டுப்படும்வரை விவரமறிந்த ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சிரித்தால் விழுந்துவிடுவோம் என்று அஞ்சிச் சிரிப்பையே அடக்கப் பழகும் குழந்தைகள் உண்டு. எனவே ஒவ்வொரு மருத்துவச் சந்திப்பிலும் எடை, பருவ வளர்ச்சி, மதிப்பெண் ஆகியவற்றோடு, நண்பர்களோடு விளையாடப் போகிறதா, வகுப்பில் சிரிக்கிறதா என்பதையும் கேளுங்கள். இல்லை என்ற பதில் வந்தால், கேட்டப்ளெக்சி மருந்தின் அளவை மறுபரிசீலனை செய்யவும் மனநல ஆலோசகரைச் சேர்த்துக்கொள்ளவும் அதுவே போதுமான காரணம்.