காரின் போலி இன்ஜின் சத்தத்தை நிறுத்துவது எப்படி

சில கார்களில் இன்ஜின் உறுமலை ஸ்பீக்கர் போன்ற கருவிகள் செயற்கையாகக் கூட்டுகின்றன. முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஆடியோவை அணைத்தாலும் பெரும்பாலும் இது நிற்காது. டிரைவ் மோடை 'ஸ்போர்ட்'டிலிருந்து 'கம்ஃபர்ட்'டுக்கு மாற்றுங்கள். உறுமல் மாறினால், அது போலிச் சத்தம் என்ற சந்தேகம் சரிதான். சில கார்களில் மெனுவிலேயே இன்ஜின் சத்தத்துக்குத் தனித் தேர்வு உண்டு. அதைக் குறைத்தாலே போதும், வேலை முடிந்தது.

ஃபோக்ஸ்வேகனின் ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ காரில் ஸ்பீக்கர் அல்ல, முன் கண்ணாடியின் அடியில் உள்ள 'சவுண்டாக்டர்' என்ற அதிர்வுக் கருவிதான் காரணம். காரின் கணினி அமைப்புகளை மாற்றும் கருவிகளான விசிடிஎஸ் அல்லது ஓபிடிலெவன் மூலம், இந்தச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏ9 மாட்யூலில் அதன் அளவை 100-லிருந்து 0 ஆக்குங்கள். பழைய மதிப்பைக் குறித்துவைப்பது நல்லது. கனெக்டரைக் கழற்றினாலும் சத்தம் நிற்கும், ஆனால் பிழைக் குறியீடு பதிவாகலாம்.

பிஎம்டபிள்யூவில் 'ஆக்டிவ் சவுண்ட் டிசைன்' என்ற போலி இன்ஜின் சத்த வசதியைக் கோடிங்கில், அதாவது காரின் மென்பொருள் அமைப்பை மாற்றி, அணைக்கலாம்.

கண்ணில் பட்ட ஒயரையெல்லாம் பிடுங்காதீர்கள். கூரையிலுள்ள மைக்குகள் இரைச்சல் நீக்கத்துக்கு. அவை போனால் உள்ளே இரைச்சல்தான் கூடும்.

மின்சாரக் கார்களில் வெளியே ஒலிக்கும் எச்சரிக்கைச் சத்தம் வேறு. ஐரோப்பாவில் 20 கி.மீ. வேகம்வரை அது சட்டப்படி கட்டாயம், தொடவே கூடாது.