ஈரக் கயாக்குக்கு உரச் சாக்கு

காற்றடைக்கும் கயாக்கை (சிறிய துடுப்புப் படகு) பஸ்ஸில் கொண்டுபோகிறவர்கள், கழுவிய காலி உரச் சாக்கு ஒன்றையும் அதற்குள் போட தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றையும் கூடவே எடுத்துப் போங்கள். திரும்பும்போது ஈரக் கயாக்கை அதில் திணித்து வாயை இறுக்கிக் கட்டிவிடலாம்.

கண்டக்டர் கத்துவது பெரும்பாலும் எடைக்காக அல்ல, சொட்டும் தண்ணீருக்காக. எவ்வளவு துடைத்தாலும் மடிப்புகளுக்குள் ஒரு சொம்பு தண்ணீர் ஒளிந்திருக்கும். பஸ் வளைவில் சாய்ந்ததும் பக்கத்து சீட்டு அம்மாவின் காய்கறிப் பை வரை ஓடும். கயாக்கோடு வரும் பையில் தையல் வழியாகக் கசியும், இதில் கசியாது. சாக்கு மூட்டை என்றால் நம்ம ஊரில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது தனி லாபம்.

காட்பாடியிலிருந்து ரயில் என்றால், முன்பதிவில்லாப் பெட்டியில் 35 கிலோ வரை இலவசம்.

மடிக்க முடியாத கெட்டிக் கயாக்குக்கு இது உதவாது. காலை பள்ளி நேர டவுன் பஸ்ஸுக்கும்தான். அப்போது மூட்டைக்கு இடமே கிடையாது. வீடு வந்ததும் பிரித்துக் காயப்போடுங்கள், ஒரு ராத்திரி சாக்கிலேயே விட்டால் நாற்றம் எடுக்கும். பாலாற்றை நம்பிக் கிளம்பாதீர்கள், பெரும்பாலான மாதங்களில் மணல்தான்.