காலிக் கட்டம் பூஜ்யமல்ல: பாஸிங் போர்டுக்குப் பட்டியல் தயாரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு தேர்வுப் பருவத்திலும் எங்கள் தேர்வுப் பிரிவுக்குப் புதிதாக இரண்டு மூன்று பேர் வருகிறார்கள். உழைப்புக்கு அஞ்சாத, கணினியில் என்னைவிடக் கைவேகம் மிகுந்த இளைஞர்கள். ஆனால் வந்த ஒரு வாரத்துக்குள், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறைச் செய்துவிட்டு, நான் நம்பியதைப் போலவே வேலை சரியாக முடிந்துவிட்டதாக நம்பி நிற்கிறார்கள். இந்த முறையும் அது நடக்கப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த கல்லூரிகளுக்கெல்லாம் தேர்வு நடத்துகிறது. சென்னையைச் சுற்றியுள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர்களுக்குத் தாங்களே நடத்திக்கொள்கின்றன. எங்கே நடந்தாலும், பாஸிங் போர்டு என்று நாம் சொல்லும் தேர்வாளர் குழு விடைத்தாளைப் பார்ப்பதில்லை. நாம் கொண்டுபோய் வைக்கும் பட்டியலைத்தான் பார்க்கிறது. அதை நம்பித்தான் கையொப்பமிடுகிறது. பதிவெண்ணை மாற்றித் தட்டுவது, கூட்டலில் பிழைவிடுவது போன்றவற்றைச் சரிபார்ப்பில் எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

காலிக் கட்டமும் பூஜ்யமும்

சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஆஸ்கி மதிப்பெண்களைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது, "மேடம், காலியா இருக்கிற இடத்துல எல்லாம் ஜீரோ போட்டுடட்டுமா?" என்று கேட்டார். கேட்டாரே என்று மகிழ்ந்தேன். நான் அன்று யாரிடமும் கேட்கவில்லை.

ஆஸ்கி என்பது 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சகாக்களும் அறிமுகப்படுத்திய செய்முறைத் தேர்வு வடிவம். மாணவர்கள் ஸ்டேஷன் ஸ்டேஷனாக நகர்ந்து செல்வார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தேர்வாளர், ஒரே பணி, ஒரே அளவு நேரம். நான் தவறு செய்த அந்தப் பழைய தேர்வில் 150 மாணவர்கள், பத்து ஸ்டேஷன்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண், தேர்ச்சிக்கு 50 விழுக்காடு. மே மாத நடுப்பகலில் மின்சாரம் போய் வந்ததில் ஆறாவது ஸ்டேஷனின் மானிட்டர் இயங்காமல் நின்றுவிட்டது. அந்தச் சுற்றில் இருந்த பத்துப் பேரையும் அந்த ஸ்டேஷனை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்லிவிட்டார்கள். தேர்வாளர் தம் தாளில் அந்தப் பத்து இடங்களையும் காலியாக விட்டார்; அதில் அவர் மீது குற்றமில்லை. அதே நாளில் வேறொரு சுற்றில், ஒரு மாணவர் ஏழாவது ஸ்டேஷனுக்கு முன்பாகத் தானே வெளியேறி, அந்த ஒன்றைத் தவறவிட்டுப் பிறகு திரும்பி வந்து சேர்ந்துகொண்டார். அவருக்கு 'ஏபி' (வரவில்லை) என்று எழுதப்பட்டிருந்தது.

பத்து ஸ்டேஷன்களின் தாள்களையும் தனித்தனிப் பக்கங்களில் ஏற்றி, தொகுப்புப் பக்கத்தில் இணைப்பு ஃபார்முலா கொடுத்து, கடைசியில் சராசரி எடுத்தேன். எக்செல்லில் காலிக் கட்டத்தைச் சுட்டும் இணைப்பு ஃபார்முலா 0 என்றே காட்டும். சராசரி எடுக்கும் ஃபார்முலா அந்த 0-வையும் ஒரு மதிப்பெண்ணாக எண்ணிக்கொள்ளும். ஆனால் 'ஏபி' என்ற எழுத்து இணைப்பிலும் எழுத்தாகவே வந்து சேரும். சராசரி ஃபார்முலா எழுத்தைக் கணக்கிலேயே எடுக்காமல் ஒன்பதால் வகுத்துவிடும். ஆக, நடத்தப்படாத ஸ்டேஷனுக்கு எந்தத் தவறும் செய்யாத பத்துப் பேர் பூஜ்யம் பெற்றார்கள்; தானே வராமல் போனவருக்கு அந்த ஸ்டேஷன் கணக்கிலிருந்தே நீங்கிவிட்டது. ஒரே கோப்பில், ஒரே ஃபார்முலா, இரண்டு பக்கமும் அநீதி.

குழுவின் முன் மொத்த விழுக்காட்டை மட்டும் காட்டும் பட்டியலை வைத்ததால் எவர் கண்ணிலும் படவில்லை. முடிவு வெளியாயிற்று. இரண்டாம் நாள் காலை ஒரு மாணவி தன் அம்மாவுடன் எங்கள் ஜன்னலுக்கு வந்து நின்றார். "அந்த ஸ்டேஷன் எங்களுக்கு நடக்கவே இல்ல மேடம். அப்புறம் எப்படி எனக்கு சைபர்?" என்று கேட்டார். மற்ற ஒன்பதிலும் சேர்த்து அவருக்கு 48 மதிப்பெண். தொண்ணூறுக்கு 48 என்றால் 53.3 விழுக்காடு, தேர்ச்சி. நூறுக்கு 48 என்று என் பட்டியல் சொன்னது, தோல்வி. அந்த அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. மகளின் ஹால் டிக்கெட்டை மடித்து மடித்துக் கையில் வைத்திருந்தார். அவரைப் போல இன்னும் இருவர் தவறாகத் தோல்வி பெற்றிருந்தார்கள். குழு மீண்டும் கூடி மூவருக்கும் தேர்ச்சி வழங்கியது. அதைவிடக் கடினமாக இருந்தது, வெளியேறிய மாணவரின் தேர்ச்சியைத் திரும்பப் பெற்றதுதான். மதிப்பெண் அவருடையதல்ல என்பது உண்மை. ஆனாலும் தேர்ச்சி என்று அறிவித்து, வீட்டுக்குச் சொல்லவிட்டு, பிறகு இல்லை என்று சொன்ன கை என்னுடையது. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது. யாராவது காலிக் கட்டத்தை அலட்சியமாகக் கடந்து போனால் எனக்குக் கோபம் வருவதற்கும் அதுவே காரணம்.

காலிக் கட்டத்துக்குக் குறைந்தது நான்கு பொருள்கள் உண்டு: மாணவர் வரவில்லை, வந்தும் மதிப்பெண் எதுவும் பெறவில்லை, ஸ்டேஷன் நடத்தப்படவில்லை, தேர்வாளர் எழுத மறந்துவிட்டார். நான்குக்கும் நான்கு குறியீடுகளை முன்கூட்டியே வகுத்து, ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்க இடம்தராதீர்கள். 150 பேர், பத்து ஸ்டேஷன்கள் என்றால் 1500 கட்டங்கள். எண்கள் எத்தனை, ஒவ்வொரு குறியீடும் எத்தனை என்று தனித்தனியே எண்ணிக் கூட்டினால் 1500 வரவேண்டும், 1499 வந்தால் வேலை முடியவில்லை. மொத்தத்துக்குப் பக்கத்தில் 'எத்தனைக்கு' என்ற பத்தி ஒன்று கட்டாயம் இருக்கட்டும். என் பட்டியலில் அது இருந்திருந்தால் குழுவில் யாராவது ஒருவர் கேட்டிருப்பார். ஸ்டேஷன்வாரியாகச் சராசரியும் மிகக் குறைந்த மதிப்பெண்ணும் கொண்ட ஒரு வரியைக் கடைசியில் சேர்த்துவிடுங்கள். அடுத்தடுத்துப் பத்துப் பூஜ்யங்கள் அதில் மறைய முடியாது. நடத்தப்படாத ஸ்டேஷனை எப்படிக் கணக்கிடுவது என்பதைக் குழுதான் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம், யார் தேறுகிறார் என்று பார்ப்பதற்கு முன்பே கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும்.

முழு எண்ணாக்குவது எந்த நிலையில்?

இரண்டு தாள்கள், இரண்டுக்கும் இரு மதிப்பீட்டாளர்களின் சராசரி என்று வைத்துக்கொள்வோம். முதல் தாளில் 48.5, இரண்டாம் தாளில் 50.5. அப்படியே கூட்டினால் 200-க்கு 99, தோல்வி. ஒவ்வொரு தாளையும் மேல்நோக்கி முழு எண்ணாக்கிக் கூட்டினால் 49-உம் 51-உம் சேர்ந்து 100, தேர்ச்சி. இரண்டில் எது சரி என்பதை உங்கள் பல்கலைக்கழக விதி சொல்ல வேண்டும். தட்டச்சு செய்பவரின் பழக்கம் சொல்லக் கூடாது. தசமத்தை மறைத்துக் காட்டும் கட்டங்களிலும் கவனம் வேண்டும்: உள்ளே 49.6 இருக்க வெளியே 50 என்று தெரியும், பக்கத்தில் தோல்வி என்றிருக்கும். புறத் தேர்வாளர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டிய நிமிடத்திலிருந்து மீதிப் பட்டியலையும் எவரும் நம்பமாட்டார்கள்.

எந்த ஆண்டு விதி?

2019-இல் திறன் சார்ந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் வந்தது. 2020 செப்டம்பரில் இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. 2023-இல் புதிய விதிமுறைகள் வந்தன; அதே ஆண்டில் இரண்டு தாள்கள் கொண்ட பாடங்களுக்கான தேர்ச்சி விழுக்காட்டை 50-இலிருந்து 40-ஆகக் குறைத்த ஆணையம், சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அந்த நாட்களில் கணினியில் விழுக்காட்டை மாற்றிவைத்துவிட்டுத் திருப்பி மாற்ற மறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அரியர் எழுத வரும் மூத்த மாணவரும் புதிய மாணவரும் ஒரே அறையில் ஒரே வினாத்தாளை எழுதலாம், ஆனால் அவர்களுக்குரிய விதி வேறாக இருக்கலாம். பதிவெண்ணுக்கு அடுத்த பத்தியில் சேர்க்கை ஆண்டையும் விதி ஆண்டையும் எழுதுங்கள். கருணை மதிப்பெண் பற்றிய எந்தப் பேச்சும் அந்தப் பத்தியைப் பார்த்த பிறகுதான் தொடங்க வேண்டும்.

நீக்கிய வினாவும் நகராத தேர்ச்சிக் கோடும்

உள்தேர்வுகளில் அங்காஃப் முறையில், அதாவது தேர்ச்சி விளிம்பில் நிற்கும் மாணவர் ஒவ்வொரு வினாவுக்கும் சரியாக விடையளிக்க எவ்வளவு வாய்ப்பு என்று நிபுணர்கள் மதிப்பிட்டதைக் கூட்டி, தேர்ச்சிக் கோட்டை வகுக்கும் துறைகளுக்கு மட்டும் இது பொருந்தும். நூறு வினாக்களுக்குக் கோடு 58 என்று நிர்ணயித்த பிறகு, விடைக்குறிப்பில் தவறு இருந்ததால் ஒரு வினாவை நீக்குகிறார்கள் என்றால், அந்த வினாவுக்கு நிபுணர்கள் கொடுத்த மதிப்பீட்டையும் கோட்டிலிருந்து கழிக்க வேண்டும். அது 0.4 என்றால் புதிய கோடு 99-க்கு 57.6. பழைய 58-ஐ அப்படியே விட்டுவைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆல்ஃபாவை மட்டும் எழுதி நிறுத்துவது

ஆல்ஃபா, அதாவது தேர்வின் நம்பகத்தன்மையைக் காட்டும் எண், 0.84 என்று அறிக்கையில் எழுதினால் குழுவில் தலையசைப்பார்கள். அதை வைத்து எவராலும் எந்த முடிவும் எடுக்க முடியாது. மதிப்பெண்களின் பரவலைக் காட்டும் திட்ட விலக்கம் 8 என்றால், ஒரு மதிப்பெண் எவ்வளவு முன்பின்னாக இருக்கலாம் என்று சொல்லும் அளவீட்டுத் திட்டப் பிழை, 8-ஐ 0.16-இன் (1-இல் 0.84 போக மீதி) வர்க்கமூலத்தால் பெருக்கி வருவது, அதாவது 3.2. தேர்ச்சிக் கோட்டுக்கு 3.2 மதிப்பெண் மேலும் கீழும் இருப்பவர்களைத் தனிப் பட்டியலாகக் கொடுத்தால், எந்த விடைத்தாள்களை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று குழுவுக்குத் தெரியும். பன்னிரண்டு பேர் எழுதிய துணைத்தேர்வுக்கு ஆல்ஃபா கணக்கிட்டு எழுத வேண்டாம்.

பெயர்கள்

குழுவின் முன் வைக்கும் பட்டியலில் மாணவர் பெயர் இருக்கக் கூடாது.

அறிக்கையில் விளக்கமின்றி மாற்றுவது

ஒரு மதிப்பெண் மாறினால் பழைய எண், புதிய எண், காரணம், மாற்றியவர், ஒப்புதல் அளித்தவர் ஆகிய ஐந்தும் ஒரே வரியில் இருக்க வேண்டும். மதிப்பிடப்பட்ட விடைத்தாளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 'தகவல்' என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவர் தம் விடைத்தாளைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள எண்ணையும் நம் பட்டியலில் உள்ள எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பார்க்கட்டும், இரண்டும் வேறாக இருந்தால் ஏன் என்று சொல்லும் அந்த ஒரு வரி நம்மிடம் இருக்க வேண்டும்.

கடைசிச் சரிபார்ப்பைத் திரையில் செய்வது

திரையில் கண் தாவிவிடும். இப்போது எங்கள் பிரிவில் அச்செடுத்த பட்டியலை ஒருவர் கையில் வைத்துக்கொள்ள, தேர்வாளர் கைப்பட எழுதிய மூலத் தாளை மற்றவர் உரக்க வாசிக்கிறார். குறியீடு இட்ட கட்டங்கள் அத்தனையும், தேர்ச்சிக் கோட்டை ஒட்டி நிற்பவர்களின் கட்டங்கள் அத்தனையும், மற்றவற்றில் பத்தில் ஒன்றும். 150 மாணவர்களுக்கு ஏறத்தாழ ஒரு பிற்பகல் ஆகிறது. வாசித்தவரும் பார்த்தவரும் பக்கத்துக்குப் பக்கம் கையொப்பமிட்ட பிறகுதான் பட்டியல் குழுத் தலைவரின் அறைக்குப் போகிறது.