முதலில் பேசச் சொல்லாதீர்கள்

வெளிநாட்டில் நான்கைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறீர்களா? அவர்கள் மொழி உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முதல் சில வாரங்கள் அவர்களைப் பேசவே சொல்லாதீர்கள். ‘ஸ்டாண்ட் அப்’ என்று சொல்லிக்கொண்டே நீங்கள் எழுந்து நில்லுங்கள், ‘சிட் டவுன்’ என்று உட்காருங்கள். பிள்ளைகளும் பார்த்துச் செய்வார்கள். அப்புறம் நீங்கள் அசையாமல் வாயால் மட்டும் சொல்லிப் பாருங்கள். யார் காதால் கேட்டுச் செய்கிறார்கள், யார் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்கிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். பழகியதும் ‘டச் தி டோர்’, ‘டச் தி ரெட் பேக்’ என்று கலந்து கேளுங்கள். வரிசையை மாற்றிக்கொண்டே இருங்கள். இல்லாவிட்டால் வரிசையைத்தான் மனப்பாடம் செய்வார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள்!

1960களில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் உருவாக்கிய முறை இது.

வாய் திறக்காத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். கேட்டுக் கேட்டு உள்வாங்கும் காலம் அது. சிலருக்கு மாதக்கணக்கில்கூட நீளும். ஒரு பிள்ளை தானாகக் கட்டளை போட ஆரம்பித்தால், வகுப்பை அதன் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் மாணவராக மாறிவிடுங்கள். அப்போது வேண்டுமென்றே ஒன்றிரண்டு தப்பாகச் செய்யுங்கள். அதுவரை பேசாதவர்கள்கூட உங்களைத் திருத்த வாய் திறப்பார்கள்.