ஜூம் செய்யும்போது வரைபடம் நழுவாமல் இருக்க: நகர்த்தலும் ஜூமும் படிப்படியாக

வரைபடத்தில் ஓர் ஊரின் மேல் மவுஸை வைத்துச் சக்கரத்தை உருட்டினால், அந்த ஊர் மவுஸுக்கு அடியிலேயே நின்றபடி பெரிதாக வேண்டும். இழுத்தால், பிடித்த இடம் கையோடு வர வேண்டும். லீஃப்லெட், டி3 போன்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகங்கள் இதைத் தயாராகவே தருகின்றன. ஆனாலும் ஒருமுறை ஜாவாஸ்கிரிப்டில் நீங்களே எழுதிப் பாருங்கள். கணக்கு சின்னதுதான், அது பிடிபட்டால் நூலகத்தில் வரும் சிக்கல்களும் பிடிபடும்.

படி 1: மூன்று எண்கள்

அளவு, கிடைநகர்வு, நெடுநகர்வு என்று மூன்று மாறிகள் போதும். தொடக்கத்தில் 1, 0, 0.

திரைப்புள்ளி = படப்புள்ளி × அளவு + நகர்வு

சிஎஸ்எஸ் டிரான்ஸ்ஃபார்மில் டிரான்ஸ்லேட்டை (நகர்த்துவது) முதலிலும் ஸ்கேலை (பெரிதாக்குவது) அடுத்தும் எழுதுங்கள். மாற்றத்தின் மையப்புள்ளியான டிரான்ஸ்ஃபார்ம் ஆரிஜினை 0 0, அதாவது இடது மேல் மூலை, ஆக்குங்கள். சாதாரண எச்டிஎம்எல் உறுப்புக்கு அது இயல்பாக நடுமையத்தில் இருக்கும். அப்படியே விட்டால் கீழே வரும் கணக்கு எதுவும் ஒத்துவராது.

படி 2: இழுத்தல்

மவுஸையோ விரலையோ அழுத்தும்போது வரும் பாயிண்டர்டவுன் நிகழ்வில் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். அது நகரும்போது வரும் ஒவ்வொரு பாயிண்டர்மூவிலும் முந்தைய புள்ளிக்கும் இப்போதைய புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை நகர்வோடு கூட்டுங்கள். அதை அளவால் வகுக்காதீர்கள், நகர்வு ஏற்கெனவே திரைப் பிக்சலில்தான் இருக்கிறது. மவுஸ் வெளியே போனாலும் நிகழ்வுகளை இந்த உறுப்புக்கே அனுப்பவைக்கும் பாயிண்டர் கேப்சரும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மவுஸ் வரைபடத்தைத் தாண்டியதும் இழுப்பு அறுந்துவிடும். போனில் இழுக்கும்போது பாதியில் நின்றால், விரலசைவைப் பிரவுசர் எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் சிஎஸ்எஸ் பண்பான டச் ஆக்‌ஷனை நன் என்று வைக்க மறந்திருப்பீர்கள்: பிரவுசர் அதைப் பக்கத்தை உருட்டும் செயலாக எடுத்துக்கொண்டு, இழுப்பை ரத்துசெய்யும் பாயிண்டர்கேன்சல் நிகழ்வை அனுப்பிவிடுகிறது.

படி 3: ஜூம்

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். அளவை மட்டும் மாற்றினால் படம் இடது மேல் மூலையை மையமாக வைத்து விரியும், பார்த்துக்கொண்டிருந்த ஊர் ஓடிப்போகும். நகர்வையும் சேர்த்தே மாற்ற வேண்டும்:

புதிய நகர்வு = மவுஸ் − (மவுஸ் − பழைய நகர்வு) × புதிய அளவு ÷ பழைய அளவு

எண் போட்டுப் பார்ப்போம். அளவு 2, கிடைநகர்வு 100, மவுஸ் 300இல். அதற்கு அடியில் இருக்கும் படப்புள்ளி (300 − 100) ÷ 2 = 100. அளவை 4 ஆக்கினால் புதிய நகர்வு 300 − 200 × 2 = −100. சரிபார்த்தால் 100 × 4 − 100 = 300. புள்ளி அசையவில்லை.

மவுஸின் இடத்தை ஜன்னலின் மூலையிலிருந்து அல்ல, வரைபடத்தை அடக்கியிருக்கும், தான் நகராத வெளி உறுப்பின் மூலையிலிருந்து அளக்க வேண்டும். ஜன்னலிலிருந்து அளந்தால், பக்கப்பட்டி உள்ள வலைப்பக்கத்தில் ஜூம் சாய்ந்து போகும்.

அளவைக் கூட்டாதீர்கள், பெருக்குங்கள். 0.1 கூட்டினால் அளவு 1இல் அது பத்து சதவீதம், 10இல் வெறும் ஒரு சதவீதம். சக்கரம் உருண்ட அளவு டெல்டாஒய் என்ற எண்ணாக வரும்; −டெல்டாஒய் × 0.002 என்பதை 2இன் அடுக்காக வைத்து, கிடைக்கும் எண்ணால் அளவைப் பெருக்கினால் எல்லா நிலையிலும் ஒரே வேகம் கிடைக்கும், டெல்டாஒய் −100 என்றால் சுமார் 1.15 மடங்கு. அந்த எண்ணின் அலகைச் சொல்லும் டெல்டாமோட் 1 என்றால் வருவது பிக்சல் அல்ல, வரிக் கணக்கு, அப்போது 0.002க்குப் பதில் 0.05 வையுங்கள். டச்பேடில் இரு விரலால் விரிப்பதும் குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற பிரவுசர்களில் கண்ட்ரோல் அழுத்திய சக்கரமாகவே வரும். அதன் எண்கள் மிகச் சிறியவை, பத்தால் பெருக்குங்கள். பக்கமே பெரிதாகாமல் இருக்க, பிரவுசரின் வழக்கமான செயலைத் தடுக்கும் பிரிவென்ட்டிஃபால்ட் வேண்டும். அது தவறாமல் வேலை செய்ய, வீல் நிகழ்வைப் பதியும்போது பாஸிவ் (“நான் எதையும் தடுக்க மாட்டேன்” என்ற உறுதி) என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கிவிடுவது நல்லது.

அளவுக்கு வைக்கும் எல்லையை, உதாரணமாக 1 முதல் 32 வரை, சூத்திரத்துக்கு முன்பே போடுங்கள். பிறகு போட்டால் எல்லையைத் தொட்ட பின்னும் நகர்வு மாறிக்கொண்டே இருக்கும், படம் மெல்ல வழுக்கும்.

படி 4: இரண்டு விரல்

அதே சூத்திரம்தான். இரு விரல்களுக்கு இடையிலான தூரத்தின் விகிதம் ஜூம், நடுப்புள்ளி மவுஸின் இடம், நடுப்புள்ளி நகர்ந்த தூரம் இழுப்பு. ஒரு விரலை எடுத்ததும் படம் குதித்தால், மிச்சமிருக்கும் விரலின் இடத்தை முந்தைய புள்ளியாகப் புதிதாகக் குறியுங்கள். இல்லாவிட்டால் பழைய நடுப்புள்ளியிலிருந்தே வித்தியாசம் எடுக்கப்படும்.